சங்கில் விற்கும் பாலுக்கு லிட்டர் கணக்கு எதற்கு?

கழுதைப் பால் லிட்டர் 5,000 ரூபாய், 7,000 ரூபாய் என்ற செய்தி சில ஆண்டுகளாகக் கைபேசி கைபேசியாகச் சுற்றுகிறது. தகரக் கொட்டகை, உள்ளே வரிசையாகக் கழுதைகள், முன்னால் நின்று மாத வருமானத்தைச் சொல்லும் ஒருவர் என்று யூடியூபில் இந்தக் காணொளிகளுக்குக் குறைவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் இவற்றை ஆசையோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிப்காட்டுக்கு நிலம் போய் இழப்பீடு வாங்கிய குடும்பங்கள் ஒரு பக்கம். ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சில ஆண்டு ஓட்டிவிட்டு, சேர்த்ததை வைத்துச் சொந்த ஊரில் ஏதாவது தொழில் தொடங்கலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். இருவருக்குமே அந்தப் பணம் ஒரு முறை வருவது. போனால் நிலமும் திரும்பாது, ஷிப்ட் பார்த்துக் கழித்த வயதும் திரும்பாது. அதனால்தான் அந்த 5,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அது தெருவிலிருந்து வந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து கிளம்பும் குடும்பங்கள் தாய்க் கழுதையையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கின்றன. பெரும்பாலும் பெண்கள். "கழுதப்பாலு... கழுதப்பாலு..." என்ற குரல் கேட்டால் வீட்டுக்குள்ளிருந்து பாட்டிதான் முதலில் வெளியே வருவார். வாசலிலேயே கறந்து, சங்கில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் குழந்தைக்குப் புகட்டிவிடுவார்கள். ஒரு சங்கு சுமார் 10 மில்லி. விலை 50 ரூபாய், சில இடங்களில் 100. பத்து மில்லிக்கு 50 என்றால் லிட்டருக்கு 5,000. கணக்கு சரிதான். ஆனால், லிட்டர் வாங்கியவர் யார்? 2022 ஜூனில் கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்டத்தில், மென்பொருள் வேலையை விட்ட ஒருவர் 20 கழுதைகளுடன் பண்ணை திறந்தபோது 30 மில்லி பொட்டலம் 150 ரூபாய் என்று அறிவித்தார். அதுவும் அதே லிட்டர் 5,000தான். பெயர்பெற்ற அந்த விலை, சங்கின் விலையை நூறால் பெருக்கியதால் வந்தது. தெருவில் நடக்கும் பெண் ஒரு நாளில் பத்து இருபது சங்கு விற்று, அந்தப் பணத்தில் தானும் கழுதையும் பிழைக்கிறார். அந்தச் சில்லறை விலையை எடுத்துப் பண்ணைக் கணக்கில் பொருத்தியதுதான் ஏமாற்றத்தின் தொடக்கம்.

கழுதையின் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம். ஈன்றால் ஒரு குட்டி. பால் சுரப்பது ஆறேழு மாதம், நன்றாகக் கவனித்தால் சற்று அதிகம். மடி சிறியது, பசுவைப் போலப் பாலைத் தேக்கி வைத்துக்கொள்ளாது. குட்டி அருகில் நின்றால்தான் பால் இறங்கும். கறப்பதற்குச் சில மணி நேரம் முன்னதாகக் குட்டியைப் பிரித்து வைத்து, பிறகு கண்ணெதிரே நிறுத்திக் கறக்க வேண்டும். குட்டியின் பங்கு போக நாளைக்கு அரை லிட்டர் கிடைத்தால் நல்ல கழுதை. குட்டியைப் பட்டினி போட்டால் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அந்தக் குட்டி தேறாது, அடுத்த தலைமுறையும் இருக்காது.

இப்போது பத்துப் பெட்டைக் கழுதைகள் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் பாதிதான் கறவையில் இருக்கும். ஐந்து கழுதை, ஆளுக்கு அரை லிட்டர், ஆக நாளைக்கு இரண்டரை லிட்டர். அதாவது 250 சங்கு. படப்பை முதல் சுங்குவார்சத்திரம் வரை ஒவ்வொரு நாளும் 250 குழந்தைகளுக்குக் கழுதைப் பால் புகட்டினால்தான் இந்த ஒரு கொட்டகையின் பால் விற்றுத் தீரும். இது நடக்காத காரியம். ஆகவே பண்ணைக்காரர் பாலைத் தெருவில் விற்க முடியாது. சோப்பு, முகப்பூச்சு, பவுடர் செய்யும் நிறுவனத்தை நம்பித்தான் விற்க வேண்டும். "கழுதையை எங்களிடம் வாங்குங்கள், பாலை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் நுழைகிறது.

இந்த ஒப்பந்தத்தின் குரல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990-களில் தேக்கு மரத் திட்டங்கள் இதே குரலில் பேசின. பிறகு எமு கோழி வந்தது. 2012-ல் பெருந்துறையில் தொடங்கிய சரிவில் கொங்குப் பகுதியின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முதலீட்டை இழந்தன. நிறுவனம் கைவிட்ட பறவைகளுக்கு அரசே தீவனம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. எமுவின் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் உண்மையான வாடிக்கையாளர் யாரும் இருக்கவில்லை. புதிதாகச் சேரும் விவசாயிதான் வாடிக்கையாளர். குஞ்சு விற்ற பணத்தில் பழையவர்களுக்கு மாதப்படி போனது.

கழுதைக்கும் அந்த வாசனை வரத் தொடங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் கர்நாடகத்தின் ஹொசபேட்டேயில், மூன்று லட்சம் ரூபாய்க்கு மூன்று கழுதைகள் கொடுத்துப் பாலைத் திரும்ப வாங்குவதாகச் சொன்ன நிறுவனம், உரிமம் இல்லாமல் நடந்ததாக அதிகாரிகளால் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாட்டைச் சேர்ந்த விவசாயிகள் ஐதராபாத்தில் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். தமிழ்நாட்டில் இயங்கிய ஒரு நிறுவனம் லட்ச ரூபாய் அளவுக்கு விலை வைத்துக் கழுதைகளை விற்றது, பல லட்சம் வைப்புத்தொகை வாங்கியது, பாலை லிட்டர் 1,600 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது, முதல் சில மாதம் பணம் வந்து பிறகு நின்றது, கொடுத்த காசோலைகள் திரும்பின என்பது அவர்கள் குற்றச்சாட்டு. யார் மேல் தவறு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், கழுதைப் பால் பண்ணை வைக்க நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய செய்தி அது.

பாலில் குறையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பசும்பாலில் புரதத்தின் பெரும்பகுதி கேசின். கழுதைப் பாலில் அது மிகக் குறைவு. லாக்டோஸ் ஆறேழு சதவீதம். இந்த இரண்டிலும் தாய்ப்பாலுக்கு நெருக்கமானது. கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் லைசோசைம் பசும்பாலில் மிகக் கொஞ்சம், இதில் ஏராளம். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குக் கழுதைப் பால் கொடுத்து இத்தாலிய மருத்துவர்கள் 1990-களிலிருந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை ஏற்றுக்கொண்டன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரீஸ் நகரின் கைவிடப்பட்ட குழந்தைகள் மருத்துவமனையில், செவிலித்தாய் கிடைக்காத நோயுற்ற சிசுக்களை நேரடியாகக் கழுதை மடியிலேயே பால் குடிக்க வைத்தார்கள். நம் பாட்டிகளின் நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த அடிப்படை நாம் நினைக்கும் அளவுக்குப் போவதில்லை. கழுதைப் பாலில் கொழுப்பு ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். அதனால்தான் இத்தாலியில் அதைத் தனி உணவாக விடாமல், எண்ணெய் சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில், காய்ச்சிக் கொடுத்தார்கள். நாம் கொடுப்பது வாசலில் கறந்த பச்சைப் பால்; கொடுப்பது பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கு. குரல் நன்றாக வரும், மஞ்சள் காமாலை வராது, சளி பிடிக்காது என்பதற்கெல்லாம் சான்று இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்கிறார்கள். அதைக் கழுதைப் பாலுக்காகத் தளர்த்தக் கூடாது. கறவை விலங்கின் பச்சைப் பாலிலிருந்து நோய்க் கிருமிகள் தொற்றக்கூடும். ஆறு வாரக் குழந்தைக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை. ஊரில் விளையாடித் திரியும் ஆறு வயதுப் பையனுக்கு, காய்ச்சிய பாலை, அவன் பாட்டி ஆசைப்பட்டுக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

தெருவில் பால் விற்கும் பெண்ணைத் துரத்த வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கழுதை என்ற விலங்கு மிச்சம் இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன, 2019-ல் 1.2 லட்சம். ஏழே ஆண்டில் 61 சதவீதம் போய்விட்டது. குதிரைகளும் மட்டக்குதிரைகளும் அதே காலத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. சுமைக்கு வண்டி வந்துவிட்டது. துணி வெளுக்க இயந்திரம் வந்துவிட்டது. செங்கல் சூளையில் டிராக்டர் வந்துவிட்டது. சீனாவில் மருந்துக்காகக் கழுதைத் தோலைக் காய்ச்சும் தொழில் உலகம் முழுக்கக் கழுதைகளை விழுங்கியது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதையைக் கொல்வதற்குத் தடை விதிக்கும் அளவுக்கு அது போனது. சாலை இல்லாத மலையூர்களுக்கு மட்டும் கழுதை இன்னும் தேவைப்பட்டது. தருமபுரி மாவட்டக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்தது கழுதைதான்.

ஒரகடத்தில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். 2010-ல் ரெனோ நிசான் ஆலை, 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று நாட்டின் சுமையைத் தூக்கும் வண்டிகளும் அவற்றின் சக்கரங்களும் இங்கே உருவாகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு இதே ஊர்களின் ஏரிக்கரைகளில் வெளுத்த துணி மூட்டையைக் கழுதை சுமந்தது. மானாவாரியும் ஏரிப் பாசனமும் கலந்த இந்த மண்ணில், அறுவடை முடிந்த தாளும் மேய்க்கால் புறம்போக்கும் அதற்குப் போதுமானதாக இருந்தது. கழுதை வறட்டுப் புல்லில் பிழைக்கும். மாடு முகர்ந்துவிட்டுப் போவதை அது தின்னும். இன்று மேய்க்கால் நிலத்தின் பெரும்பகுதி மதில்களுக்குள் போய்விட்டது. மதிலுக்கும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலைக்கும் நடுவே கிடக்கும் கருவேலங்காட்டில்தான் மாடுகளும் ஆடுகளும் ஒதுங்குகின்றன. இரவில் கன்டெய்னர் லாரியில் அடிபடுகின்றன. விளிம்பு நிலம் என்றால் ராஜஸ்தானத்துப் பாலைவனம்தான் நினைவுக்கு வருகிறது. நாட்டின் பெரிய தொழில் வட்டாரங்களில் ஒன்றின் நடுவிலும் விளிம்பு இருக்கிறது.

குதிரைப் பாலின் கதை இங்கே உதவும். கசக்ஸ்தானிலும் கிர்கிஸ்தானிலும் மங்கோலியாவிலும் கோடை முழுவதும் குதிரைப் பால் கறக்கிறார்கள். குட்டியைக் கயிற்றில் கட்டி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்து, தோல் பையில் ஊற்றிக் கடைந்து புளிக்க வைக்கிறார்கள். கசக்கியர் குமிஸ் என்பதை மங்கோலியர் ஐராக் என்கிறார்கள். மங்கோலியர் ஐராக் செய்யும் முறையை 2019-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 1858-ல் ரஷ்யாவின் சமாரா அருகே குமிஸ் கொடுக்கும் காசநோய் விடுதி தொடங்கியது. தோல்ஸ்தோய் குமிஸ் குடிக்கப் புல்வெளிக்குப் போனார். செகாவ் 1901-ல் திருமணம் முடிந்த கையோடு குமிஸ் விடுதிக்குப் போனார். அந்த விடுதிகளின் புகழ் மங்கிவிட்டது. குமிஸ் மங்கவில்லை. காரணம், மேய்ப்பர் வீட்டில் அது அன்றாட உணவு. வெளியூர்க்காரர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கறந்த பால் வீணாகாது. செர்பியாவின் சசாவிட்சா காப்பகத்தில் கழுதைப் பாலில் செய்யும் பூலே பாலாடைக்கட்டி உலகத்திலேயே விலை உயர்ந்தவற்றில் ஒன்று. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 25 லிட்டர் பால் வேண்டும். அதை ஒரு காப்பகம் செய்யலாம். ஊர் ஊராக எல்லோரும் செய்யத் தொடங்கினால் வாங்க ஆள் இருக்காது.

நமக்கு வழி காட்டக்கூடியது கட்ச். அங்கே ஒட்டகம் வளர்க்கும் மால்தாரிகள் ஒட்டகத்துக்கு வேலையில்லாமல் போனபோது பாலின் பக்கம் திரும்பினார்கள். தங்களுக்குள் சங்கம் அமைத்தார்கள். சகஜீவன் என்ற தொண்டு நிறுவனம் கூட நின்றது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் ஒட்டகப் பாலுக்குத் தரம் வகுத்தது. சர்ஹத் கூட்டுறவுப் பால் பண்ணை கொள்முதல் செய்ய, 2019 ஜனவரியில் அமுல் அதை அரை லிட்டர் 50 ரூபாய்க்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து யாருக்கும் ஒட்டகம் விற்கவில்லை. ஏற்கெனவே ஒட்டகம் வைத்திருந்தவரின் பாலுக்கு வழி பண்ணினார்கள். முதலில் விலங்கை வளர்ப்பவர், பிறகு தரம், பிறகு கொள்முதல், கடைசியில்தான் விளம்பரம். கழுதைப் பாலில் நாம் கடைசிப் படியில் தொடங்கியிருக்கிறோம். பசு, எருமை, ஆடு, ஒட்டகம் என்று வரிசையாகத் தரம் வகுத்த உணவு விதிகளில் கழுதைக்குத் தனி வரிசை இல்லை. எவ்வளவு கொழுப்பு இருந்தால் அது கழுதைப் பால், எவ்வளவு தண்ணீர் கலந்தால் கலப்படம் என்று சொல்லும் அளவுகோல் இல்லாத பொருளை 5,000 ரூபாய்க்கு விற்பதாகச் சொல்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை தேசியக் கால்நடை இயக்கத்தைத் திருத்தி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் வளர்ப்பில் தொழில் தொடங்க 50 சதவீத மூலதன மானியம், 50 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தது. கழுதை இனம் அழிவதைத் தடுக்கும் நோக்கம் நல்லது. ஆனால் மானியம் போக மீதிப் பாதியைப் போடக்கூடியவர் யார்? இரண்டு கழுதையோடு விருத்தாசலத்திலிருந்து நடந்து வரும் பெண்ணா, முதலீட்டாளரைத் தேடும் நிறுவனமா? சுயஉதவிக் குழுக்களும் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. கழுதை வைத்திருக்கும் குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வங்கிவரை கூட வர கால்நடைத் துறையில் ஒருவர் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இந்தப் பணம் கொட்டகை கட்டத் தெரிந்தவரிடம் போகும், கழுதை வளர்க்கத் தெரிந்தவரிடம் போகாது.

திரும்ப வாங்கும் ஒப்பந்தங்களுக்குத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. விளைபொருள், கால்நடை ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-ல் நாட்டிலேயே முதலாவதாகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தில் யாரும் ஒரு கழுதைகூட வாங்கக் கூடாது. கால்நடைத் துறை இதை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்தின் சுவரிலும் எழுதிப் போட வேண்டும். "எங்களிடம்தான் விலங்கை வாங்க வேண்டும்" என்றோ "வைப்புத்தொகை கட்ட வேண்டும்" என்றோ எந்த நிறுவனம் சொன்னாலும், அதன் கடந்த ஆண்டு விற்பனைக் கணக்கைக் கேளுங்கள். எத்தனை லிட்டர் வாங்கினார்கள் என்பதைச் சொல்வார்கள். எத்தனை லிட்டரை, யாரிடம், ரசீதோடு விற்றார்கள் என்பதே கேள்வி.

ஒரகடத்துக்கு அருகில்தான் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. இந்த வட்டாரத்துக்கு வரும் கழுதைகளின் ரத்தத்தையும் பாலையும் சோதித்து, நோயில்லாத விலங்குக்குக் காதில் வில்லை போட்டு, அட்டை கொடுக்கலாம். அந்த அட்டை இருந்தால் விற்பவருக்கும் மரியாதை, வாங்குபவருக்கும் நம்பிக்கை. பாலைக் காய்ச்சி, உறையவைத்து, சோப்பு செய்யும் மகளிர் குழுவுக்கு விற்கும் முறையையும் அங்கே கற்றுத்தரலாம். சோப்புக்குக் குழந்தையின் வயிற்றைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. 2018 வாக்கில் டெல்லியைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் கழுதை வளர்ப்போரிடம் பால் வாங்கிச் சோப்பு செய்து விற்கத் தொடங்கியது. அளவு சிறியதுதான்; விலங்கை விற்காமல் பொருளை விற்கும் வழி அது.

2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக மேய்ச்சல் சமூகங்களைத் தனியாகக் கணக்கிட முடிவு செய்தார்கள். நடந்துகொண்டே இருப்பவரைக் கணக்கெடுப்பவர் எந்த ஊரில் பார்ப்பார் என்பது எளிதான கேள்வி அல்ல. எண்ணிக்கையில் வராத கழுதைக்குத் தடுப்பூசியும் வராது, தீவனமும் வராது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும் என்பதே பால் விற்கும் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், தம் கழுதைக்கு வருவார்கள் என்று நம்புவதில்லை. வர வேண்டும். பசுவுக்கு வருவது போல வர வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தைப் பொறுத்தவரை, ஊராட்சிகளிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தங்கள் எல்லைக்குள் மேய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்ப் பதிவேட்டில் உள்ள புல எண்களை வாசித்து, எது மீதம், எது மதிலுக்குள், எது ஆக்கிரமிப்பில் என்று தீர்மானமாகவே பதிவு செய்யட்டும். மீதமுள்ளதில் கருவேலத்தை வெட்டி, ஏரிக்கரையை ஒட்டிப் புல் வளர்க்கவும் தண்ணீர்த் தொட்டி கட்டவும், இதே வட்டாரத்தில் லாபம் ஈட்டும் ஆலைகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் இரண்டு சதவீதத்தில் பங்கு கேட்கட்டும். ஊர்க்காரரின் பசுவுக்கும் ஆட்டுக்கும் அது உதவும். ஆண்டில் சில வாரம் இந்தப் பக்கம் வரும் கழுதைக்கும் அதன் குட்டிக்கும் நின்று மேய ஓர் இடம் கிடைக்கும்.